சங்கிலி ஜெபம்

வாங்க ஐயரம்மா, உள்ள வாங்க. அந்த நாற்காலில இருக்காதீய, ஒரு காலு ஆடும். இந்தக் கட்டில்ல இருங்க. சும்மா இருங்க, ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டு அவிய படுத்திருந்த கட்டில்தான், கழுவி வெயில்ல போட்டு எடுத்தாச்சு. காப்பி போடட்டா? வேண்டாமா? சரி, அப்பொறம் போடுதேன். ஒருத்திக்குக் காப்பி போட்டுக் குடிக்கவே எனக்கு இப்பல்லாம் கை வர மாட்டேங்கு.

எதுக்கு வந்திருக்கீயன்னு தெரியும். இந்த ஊர்ச் சபைக்கு மாத்தலாகி வந்து ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள ஒங்க வீட்டு ஐயர் காதுல யாரோ போட்டுட்டாவ. ரத்தினபாய் திருவிருந்துக்கு வாரதில்ல, பீடத்துல முழங்கால் போடுததில்ல, பிரசங்கம் முடிஞ்சதும் பொடவையத் தட்டிட்டு எந்திரிச்சுப் போறான்னு. நெசந்தான். நான் மறைக்கல. அந்தப் பொன்னையா உபதேசியார் கையில கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு ஐயர் பக்கத்துல நிக்க வரைக்கும் நான் வர மாட்டேன். ஐயர்கிட்ட அப்படியே போய்ச் சொல்லுங்க. என் புருசனக் கொன்ன ஆளு கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

என்ன, பதறுதீய? கத்தி எடுத்துக் குத்தினாரான்னு கேக்கீயளா? கத்தி எதுக்கு. ஒரு ஜெபம் போதாதா.

கேளுங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

இந்த ஊர்ல ஜெபக்கார ரத்தினபாய்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தா, எதுத்த வீட்டு மேரி புஷ்பத்துக்குக் கல்யாணம் முடிஞ்சு பிள்ளையே இல்லாமக் கெடந்துச்சு. டாக்டர் கை விரிச்சாச்சு. நான் உபவாசம் இருந்து கேட்டேன். இப்ப அந்தப் பய என் வாசல்லதான் பம்பரம் விடுதான். தலைவலி, காய்ச்சல், வெளிநாட்டு வேலை, மாடு காணாமப் போனது, எதுன்னாலும் எங்கிட்டதான் வருவாவ. வெள்ளிக்கெழமை ஆனா இந்த வீட்டுல உக்கார எடம் இருக்காது. பாய் பத்தாம சாக்கு விரிச்சிருக்கேன்.

எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியும் ஐயரம்மா. சின்னதுலயே பழகிட்டேன். எங்கப்பா மலை எஸ்டேட்டுல கங்காணி. ஒரு பாவாடைத் துணி வேணும்னாலும் அவிய சாப்பிட இருக்கப்போ கதவ ஒட்டி நிக்கணும். ஏசுவாவ. போட்டி மூதின்னு சொம்பத் தூக்கி எறிவாவ. நகரக் கூடாது. நாளைக்கும் போய் நிக்கணும், மறுநாளும் நிக்கணும். கடேசில, சனியன் தொலையட்டும்னு வாங்கிக் குடுத்துருவாவ. எங்கக்கா கேக்க மாட்டா, கிழிசலோடயே கெடந்தா. எனக்குத்தான் எல்லாம் கெடச்சுது. ஆண்டவரும் அப்பன்தானே? விடாம நிக்கவளுக்குத்தான் குடுப்பாரு. வாயத் தெறந்து, இன்னது வேணும், இப்ப வேணும்னு கேக்கணும். மென்னு முழுங்கினா அவரு அடுத்த ஆளப் பாத்துட்டுப் போயிருவாரு.

எங்க வீட்டு அவியளுக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது. மின்வாரியத்துல லைன்மேன். லைன்மேன் அருமைநாயகம்னா சுத்துப்பட்டியில எல்லாருக்கும் தெரியும். மழையோ புயலோ கம்பி அந்துதுன்னா அவியதான் போகணும். போஸ்ட்டுல ஏறுததுக்கு முன்னால போஸ்ட்ட ஒரு கையால தொட்டுக்கிட்டு, "ஆண்டவரே, கூட இரும்"பாவ. அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. எனக்கு எரிச்சலா வரும். "கரண்டு அடிக்கக் கூடாது, வழுக்கக் கூடாது, பத்திரமா எறங்கணும்னு விவரமாக் கேட்டா ஒங்க நாக்கு தேஞ்சிருமா?"ன்னு கேப்பேன்.

சிரிப்பாவ. "அதெல்லாம் அவருக்குத் தெரியாதா ரத்தினம்? மேல ஏறினப்பொறம் தனியா இருக்கமேன்னு ஒரு பயம் வரும் பாரு, அது மட்டும் வராம இருந்தா போதும்"பாவ.

அப்படி ஒரு மனுசன். கேக்கத் தெரியாத மனுசன். அவியளுக்கும் சேத்து நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். போஸ்ட்டுல இருந்து ஒரு தடவகூட விழாம ரிட்டயர் ஆனாவன்னா அது யாரு ஜெபம்னு நெனைக்கீய?

ரிட்டயர் ஆகி அடுத்த வருசம் வயித்துவலின்னாவ. வாயுன்னு நெனச்சு இஞ்சி தட்டிக் குடுத்தேன். கண்ணு மஞ்சளாச்சு. பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். எங்க பையன் சாம்சன டாக்டர் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரு. வெளிய வந்தவன் மூஞ்சியே சரியில்ல. ஈரல்ல கட்டி, பரவியாச்சு, வீட்டுக்குக் கொண்டு போய் நல்லாப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாராம். வலிக்கு மருந்து எழுதிக் குடுத்துருக்காரு. சாம்சன் ஆஸ்பத்திரிச் சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதான். நான் அழல. "ஏலே, எந்திரி. டாக்டர் சொன்னா ஆச்சா? மேல ஒருத்தர் இருக்காரு"ன்னேன்.

வந்த அன்னைக்கே வீட்டுக்குச் சட்டம் போட்டேன். யாரும் இங்க வந்து அழப்பிடாது. ஆறுதல் வசனம் வாசிக்கப்பிடாது. சுகம், சுகம், சுகம், அது மட்டுந்தான் வாயில வரணும். முக்கியமா, "உம்ம சித்தப்படி ஆகட்டும்"னு ஒருத்தரும் ஜெபம் பண்ணப்பிடாது. ஏன்னு கேளுங்க. அது ஆண்டவருக்கு நாமளே வழி விட்டுக் குடுக்குத மாதிரி. வேண்டாம்னாலும் பரவால்லன்னு நாமளே சொல்லிட்டா அவரு ஏன் தரப் போறாரு? கோயில்லயும் முந்திக்கிட்டு எந்திரிச்சு, என் புருசனுக்குச் சுகம் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்னு சாட்சி சொல்லிட்டேன். ஊரே அல்லேலூயா போட்டுச்சு. இனி அவரு மாற முடியாதுல்லா?

காலைல எழும்பினதும் அவிய கால்மாட்டுல நின்னு, "நான் சுகமாயிட்டேன்னு சொல்லுங்க"ம்பேன். சொல்லுவாவ. பாவம், வலியில பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுவாவ. ஒரு நாளு, "ரத்தினம், நான் வேற ஒண்ணு கேக்கணும்"னாவ. நான் வாயப் பொத்திட்டேன். "ஒண்ணும் கேக்க வேண்டாம், எல்லாம் நான் கேட்டாச்சு"ன்னேன். என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. அவியளுக்கு எம்மேல அம்புட்டு நம்பிக்கை.

அப்பொறம் திருவிருந்து வேணும்னு மருமக பியூலாகிட்டச் சொல்லிருக்காவ. எங்கிட்டச் சொல்லல பாருங்க. அவ பழைய ஐயர்ட்டப் போய்ச் சொல்லிட்டா. அவரு அப்பமும் ரசமும் வச்சு வெள்ளத் துணி போட்டு மூடின தட்ட ஏந்திக்கிட்டுத் தெருவோட நடந்து வாராரு. இந்த ஊர்ல அந்தத் தட்டு ஒரு வீட்டுக்கு வந்தா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாது. தெருவுல இருக்கவ எல்லாம் மொறத்தக் கீழ வச்சுட்டுத் தலையில முக்காடு போட்டாளுவ. அப்பவே எழவு வீடு ஆக்கிட்டாளுவ! நான் ஓடிப் போய் வாசல் கேட்டப் பூட்டிட்டேன். "ஐயா, என் புருசன் கோயிலுக்கு நடந்து வந்து ஒங்க கையால வாங்குவாவ, நீங்க போய்ட்டு வாங்க"ன்னேன். அந்த வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாரு. பொறகு போயிட்டாரு.

உள்ள வந்து பாத்தா அவிய செவரப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தாவ. சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பல. ஐயர் இப்படிப் பண்ணிட்டாரேன்னு கோவம் போல.

இப்ப உபதேசியார் கதைக்கு வாரேன்.

பக்கத்து ஊர்ல ஒரு சுகமளிக்கும் கூட்டம். அவிய சட்டைய எடுத்துக்கிட்டு, அதுல எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டு வரப் போயிருந்தேன். அந்த நேரம் பாத்து இந்தப் பியூலா பொன்னையா உபதேசியார உள்ள விட்டுருக்கா. நான் திரும்பி வந்தா வாசல்ல செருப்பு கெடக்கு. யாருடா இதுன்னு ஜன்னல் வழியாப் பாத்தா, நீங்க இருக்கீய பாருங்க, அந்த எடத்துலதான், அந்த மனுசன் அவிய கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

ஜெபம் பண்ணுதாரு. ஒவ்வொரு வார்த்தையும் என் காதுல இன்னும் கெடக்கு. "ஆண்டவரே, உம்ம பிள்ளைய உம்ம கையில விடுதோம். இவரு பயப்படாம இருக்கணும். நீர் கூட இரும். ரத்தினபாய் அம்மாவத் தனியா விட்டுராதேயும்"னாரு. அம்புட்டுதான். ஒரு சுகம் கெடையாது, ஒரு விடுதல கெடையாது. பத்து வீட்டுக்குப் போற அவசரத்துல நாலு வார்த்தை.

அதுக்கு அவிய "ஆமென்"னாவ. ஐயரம்மா, வாயில தண்ணி விட்டாக் கூட முழுங்க மாட்டாத மனுசன், தெளிவா, தெருவுக்குக் கேக்க மாதிரி "ஆமென்"னாவ. நான் ராப்பகலா கரஞ்சு ஜெபிச்சதுக்கு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். தூத்துட்டுச் சாத்தி வச்சிருந்த வாரியலை எடுத்துட்டேன். "சாவுக்கு ஜெபம் பண்ணவா வந்தீரு? வெளிய போம்!"னு வெரட்டினேன். அந்த மனுசன் செருப்பு கூடப் போடாம போனாரு. பியூலாவ என்ன பேச்சுப் பேசினேன்னு எனக்கே நெனவில்ல. "அத்தை, மாமாதான் அப்படிக் கேக்கணும்னு சொன்னாவ. ஒங்ககிட்டச் சொல்ல முடியலன்னு அழுதாவ"ங்கா. எவ்வளவு பெரிய பொய் பாருங்க. எங்கிட்டச் சொல்ல முடியாதாம். நாப்பது வருசம் கூட வாழ்ந்தவகிட்ட!

அன்னைக்கு மத்தியானம் அவிய தூங்கினாவ. மொனங்கல, பொரளல, அப்படியே குழந்த மாதிரித் தூங்கினாவ. பியூலா, நல்லாத் தூங்குதாவ அத்தைன்னா. அது தூக்கமா? அந்த ஜெபம் போய் ஆளச் சோர வச்சுட்டு. நான் இத்தன நாளா இழுத்துப் பிடிச்ச கயித்த அந்த மனுசன் நாலு வார்த்தையில அவுத்து விட்டுட்டாரு. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

அதச் சரிக்கட்டணும்லா? மறுநாளே சங்கிலி ஜெபம் வச்சேன். ஒங்களுக்குத் தெரியாததா, ஆளுக்கு ஒரு மணி நேரம், மாத்தி மாத்தி, கோயில்ல பீடத்துக்கு முன்னால முழங்கால்ல நிக்கணும். அடுத்த ஆளு வந்து தோளத் தொட்டாத்தான் முதல் ஆளு எந்திரிக்கலாம். நடுவுல எந்திரிச்சா சங்கிலிக் கண்ணி அந்து போகும், அதுவரைக்கும் ஜெபிச்சது எல்லாம் வீணு. அது நான் போட்ட சட்டம். எங்க சபையில சங்கிலி ஜெபத்தக் கொண்டு வந்ததே நான்தான்.

ரெண்டாம் நாளு மத்தியானம் என் முறை. கோயில்ல ஈ காக்கா கெடையாது. நானும் ஆண்டவரும்தான். அவரப் பிடிச்சிட்டேன்னு வச்சுக்கிடுங்க. கண்ணீரு தாரையா ஊத்துது. தரமாட்டேன்னு சொல்லு பாப்போம், சொல்லு பாப்போம்னு கேக்கேன். அப்ப பின்னால ஆளு வந்த சத்தம். பியூலா. "அத்தை, மாமா ஒங்களக் கூப்பிடுதாவ"ங்கா. நான் கண்ணத் தெறக்கல. கையக் காட்டினேன், போன்னு. நின்னு பாத்துட்டுப் போயிட்டா.

கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடி வாரா. மூச்சு வாங்குது. காலுல செருப்பு இல்ல, அந்த வெயில்ல. "அத்தை, சீக்கிரம் வாங்க. ஜெபம் வேண்டாமாம். நீங்க வந்து கூட இருந்தா போதும்னு சொல்லுதாவ"ன்னு என் தோளப் பிடிச்சு உலுக்குதா.

நான் என்ன செய்ய? என் நேரம் முடிஞ்சிட்டு, ஆனா அடுத்து வர வேண்டிய எஸ்தர் வரல. அவ வீட்டுல விருந்தாளியாம், கோழி அடிச்சு வச்சிட்டு வாரேன்னு இருந்திருக்கா. நான் எந்திரிச்சா கண்ணி அந்து போகும். ஊர் பூராவும் ராவும் பகலும் நின்ன ஜெபம். அவிய உசுருல்லா அதுல தொங்குது! நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்துல உக்காந்தா என்ன கெடைக்கும்? கையப் பிடிச்சா கட்டி கரைஞ்சிருமா? "பிசாசே, அப்பால போ"ன்னு அவளத் தள்ளிட்டேன். விழுந்துட்டா போல. அழுதுக்கிட்டே ஓடினா.

நான் விடல. இன்னும் பலமாக் கேட்டேன்.

அப்ப கோயில் குட்டியார் உள்ள வந்தாரு, மணி அடிக்க மனுசன். என்னப் பாத்தாரு. பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மணிக் கயித்துக்கிட்டப் போனாரு. ஆராதனைக்கு நேரமா இதுன்னு நான் நெனச்சேன். கயித்த இழுத்து, விட்டு, கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் இழுக்காரு. ஒத்த மணி. சாவு மணி. எந்த வீட்டுல யாரு போனாவளோ ஆண்டவரே, அந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் தாரும்னு சொல்லிட்டு, என் புருசனுக்குச் சுகம் தாரும்னு விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சேன்.

எஸ்தர் வந்து தோளத் தொட்டா. "எந்திரிங்க அக்கா, வீட்டுக்குப் போங்க"ன்னா. கோழிக்கறி வாசன அவ கையில.

நான் வாரப்போ கண்ண மூடி விட்டுருந்தாவ. கையி சூடாத்தான் இருந்துச்சு, ஐயரம்மா. வலது கையி மட்டும் மெத்தைக்கு வெளிய, இப்படி, விரிச்ச மாதிரி கெடந்துச்சு. எவ்வளவோ மடக்கி வச்சாவ, அது திரும்பவும் விரிஞ்சிட்டு. பெட்டிக்குள்ள வைக்கப்போ நான்தான் துணியால சேத்துக் கட்டினேன்.

இப்பச் சொல்லுங்க. யாரு மேல குத்தம்? கயித்த அவுத்து விட்ட உபதேசியார் மேலதானே? கண்ணிய அறுக்க வந்த பியூலா மேலதானே? நேரத்துக்கு வராம அடுப்படில நின்ன எஸ்தர் மேலதானே? என் மேல யாராச்சும் ஒரு கொற சொல்ல முடியுமா? முழங்கால்ல இருந்து நான் எந்திரிக்கவே இல்லியே!

பதினாறாம் நாளு ஜெபத்துலயே பியூலாகிட்டக் கேட்டுட்டேன், ஒனக்கு இப்ப நிம்மதியாடின்னு. சாம்சன் பொட்டி கட்டினான். தூத்துக்குடில வீடு பாத்துப் போயிட்டாவ. ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான். "சாப்டியாம்மா"ம்பான், "ம்"ம்பேன். ஒரு தடவ, "அப்பா கடேசில வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவம்மா"ன்னு ஆரம்பிச்சான். நான் போன வச்சிட்டேன். எதுக்கு அந்தப் பேச்சு?

வெள்ளிக்கெழமக் கூட்டம் இப்ப எஸ்தர் வீட்டுல நடக்கு. இங்க யாரும் வாரதில்ல. மேரி புஷ்பம் பிள்ளையக்கூட, அங்க போயி வெளையாடாதலன்னு உள்ள கூப்பிட்டுக்கிடுதா. நான் கேட்டு வாங்கிக் குடுத்த பிள்ள.

நானா? ஜெபம் பண்ணாம இருப்பேனா. காலைல முழங்கால் போடுதேன். போட்டு, ஆண்டவரேங்கேன். அதுக்கு மேல என்ன கேக்கன்னு வர மாட்டேங்கு. எல்லாத்துக்கும் கேட்டுப் பழகின வாயி. வேணுங்கது ஒண்ணும் இல்ல. வீட்டுல அரிசி இருக்கு, பென்சன் வருது. ஒடம்புக்கும் ஒண்ணும் இல்ல. அப்படியே இருந்துட்டு, முட்டி வலிச்சதும் எந்திரிச்சிருதேன். செவரு, கட்டிலு, நானு. சாயங்காலம் ஆனா இந்த ரூமுக்குள்ள வரப் பயமா இருக்கு. இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல.

என்ன, எந்திரிச்சிட்டீய? ஜெபம் பண்ணிட்டுப் போறீயளா? என்னன்னு ஜெபம் பண்ணுவீய? அந்த உபதேசியார மாத்தணும், அதக் கேளுங்க. சாம்சனுக்குப் புத்தி வரணும். பியூலா வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அப்பொறம்...

கண்ண மூடாதீய ஐயரம்மா. ஜெபம் கெடக்கட்டும். நீங்க போயிராதீய. இப்படி இருங்க. ஒண்ணும் பேச வேண்டாம், வசனமும் வேண்டாம். இந்தக் கையக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. வெளக்கு வைக்கத வரைக்கும், அம்புட்டுதான். கூட இருந்தா போதும்.

என்ன, நீங்க எதுக்கு இப்பம் கண்ணத் தொடைக்கீய?